ஞாயிற்றுக்கிழமை ஓடாத மெஷின்

மாமனார் குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் மாப்பிள்ளை என்றாகிவிட்டது. மாமனார் கூப்பிடுவதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு பால் போடுகிறவர் கூப்பிட்டார். கடைசியில் பெற்ற மகளே ஒருநாள், "மாப்பிள்ளை, பென்சில் சீவிக் குடுங்க" என்றாள். ஊரே கூப்பிடும்போது நாம் மட்டும் வேறு பெயர் தேடுவானேன், நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவர். காலை எட்டு மணிக்குப் போனால் நாலரைக்கு விடுதலை. நாள் முழுக்க இருட்டறையில் அடுத்தவர் மூக்கில் லென்ஸை மாட்டி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டு அலுத்த மனுஷன், சாயங்காலம் ஐந்தேகாலிலிருந்து ஏழு மணி வரைக்கும் பாட்டுக் கேட்பார். மனைவி மருந்துக்கடையில் இரண்டாவது ஷிஃப்ட், எட்டு மணிக்குத்தான் வருவாள். பென்சில் கேட்ட சின்னவள் மாடி வீட்டில் டியூஷனில் இருப்பாள். மாமனார் தன் அறைக்குள் இருப்பார். ஹாலில் மாப்பிள்ளையும் அவருடைய ஸ்பீக்கர்களும்தான். குடியில்லை, சீட்டாட்டமில்லை, இந்த ஒரு பைத்தியம்தான் உண்டு. அதையும் கூடாது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பைத்தியம் முற்றியதற்குக் காரணம் பேஸ், பாட்டுக்கு அடியில் முழங்குகிற அந்தக் கனத்த சத்தம். முதலில் அலமாரியில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. குரல் நன்றாக வந்தது, ஆனால் டிரம் அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்டது. அவற்றைக் கொடுத்துவிட்டு இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கினார். அப்போதும் அட்டைப்பெட்டிதான், கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி. கடைசியில் பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் வந்து இறங்கியது. வாஷிங் மெஷினில் பாதி இருக்கும். அதை ஹாலின் மூலையில், சுவரை ஒட்டித் தள்ளி வைத்தார். சோபாவில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். அதற்கும் வரவில்லை. இன்னும் திருப்பினார்.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரை முழுக்க வழவழவென்று டைல்ஸ். ஒரு பக்கம் பூராவும் கண்ணாடி ஜன்னல். தூசு தும்மல் என்று மனைவி திரைச்சீலையே போடவிடவில்லை. கையைத் தட்டினால் அந்த ஹாலும் நாலு தடவை திருப்பித் தட்டும். சாப்பாட்டு மேஜைக்கு இடம் விட்டதில் சோபா ஹாலுக்கு நட்டநடுவில் கிடந்தது. இதையெல்லாம் கவனிக்கிற ஆளா நம் மாப்பிள்ளை? பெட்டியை மாற்றினால் போதும், அறை என்ன செய்யும் என்கிற கட்சி அவர்.

மாமனார் ஒரு பத்திரிகை அச்சகத்தில் முப்பத்தி நாலு வருஷம் மெஷின் ஓட்டியவர். மெஷின் அவருக்குச் சோறு போட்டது, பதிலுக்குக் காதை எடுத்துக்கொண்டது. காதில் வைக்கிற கருவி இருக்கிறது, ஆனால் வெளியே போகும்போதுதான் போடுவார். வீட்டில் அதைப் போட்டால் மிக்ஸி சத்தம் மண்டையில் ஆணி அடிக்கிறது என்பார். ஆக, சாயங்காலம் தன் அறையில் இரும்புக் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படிக்கும்போது அவரைச் சுற்றிப் பொட்டுச் சத்தம் இருக்காது. கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாப்பிள்ளையின் புதுப்பெட்டி.

தன் மனைவி இறந்த பிறகு நாலு வருஷமாக மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு தொந்தரவு கிடையாது. சின்னவளை நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது அவர் வேலை. பத்து நிமிஷ நடைக்கு இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். வழியில் கட்டிடம் கட்டுகிற இடத்தில் நின்று கிரேனைப் பார்க்க வேண்டும், நாய்க்குட்டிகளை எண்ண வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் காலையில் சவரமே செய்துகொள்கிறார் என்று மகள் கிண்டலடிப்பாள்.

புதுப்பெட்டி வந்த வாரமே ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் மாமனார் ஆரம்பித்தார். எங்கேயோ மெஷின் ஓடுகிறது என்றார். காதில் கேட்கவில்லை, ஆனால் முதுகில் தெரிகிறது, பல்லில் தெரிகிறது. பக்கத்தில் எங்காவது அச்சகம் வந்திருக்கிறதா என்று விசாரித்தார். மகள் இல்லையே என்றாள். மறுநாளும் ஓடியது என்றார். அதற்கு மறுநாளும் அதேதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சாயங்காலம் முழுக்க அவர் அறையில் உட்கார்ந்து காத்திருந்தாள். வீட்டில் எல்லோரும் இருக்கிற நாளில் மாப்பிள்ளை பாட்டுப் போடுவதில்லை. அறை அமைதியாக இருந்தது.

"இன்னைக்கு ஓடலம்மா. ஞாயித்துக்கிழமை லீவு போலிருக்கு" என்றார் மாமனார், வெகு சாதாரணமாக.

அவர் வேலை பார்த்த அச்சகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. மகள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்பாவுக்குப் புத்தி பின்னால் போய்விட்டது, இன்னும் அச்சகத்திலேயே இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றாமல் வேறு எப்படித் தோன்றும்?

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது மாப்பிள்ளை. அதுதான் பிற்பாடு அவரைப் போட்டு அறுத்தது. வயசாகிறது, மறதி நோயில் இப்படியெல்லாம் வருமாம், எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொன்னார். அவர் மேலும் முழுப் பழி போட முடியாது. ஹாலில் பேஸ் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு, அது சுவரைத் தாண்டிப் போய் அடுத்த அறையில் குடித்தனம் நடத்துவது எப்படித் தெரியும்?

டாக்டர் கிழமை கேட்டார், தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். மாமனார் எல்லாம் சரியாகச் சொன்னார். மெஷின் ஓடுகிறதா என்று கேட்டதற்கும் ஓடுகிறது என்று சரியாகச் சொன்னார். ஸ்கேன் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் அன்றைக்கு மாப்பிள்ளைக்கு வார லீவு. மனைவி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வீடு காலி. மாப்பிள்ளை ஸ்பீக்கர்க் கடைக்காரருக்கு போன் போட்டுப் புலம்பினார். இவ்வளவு பெரிய பெட்டி வாங்கியும் பேஸ் இல்லை, ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். கடைக்காரர் பொறுமைசாலி. பெட்டியில் கோளாறு இருக்காது, உட்காருகிற இடத்தில்தான் கோளாறு, சில ஹாலில் நடுவில் பேஸ் செத்துப்போகும், சுவரோரம் எல்லாம் குவிந்து கிடக்கும் என்றார். ஒரே சீரான அடிச்சத்தத்தை ஓடவிட்டு, சோபாவில் உட்காருகிற உயரத்துக்குத் தலையை வைத்துக்கொண்டு, ஹால் முழுக்கத் தவழ்ந்து பாருங்கள், எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும் என்றார்.

நாற்பத்தி மூன்று வயசில் மாப்பிள்ளை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் தவழ்ந்தார். சோபாப் பக்கம் ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் போகப் போகக் கண்ணாடி கிறுகிறுவென்று நடுங்கியது. மூலைக்குப் போனார், அப்பாடா, வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு முழக்கம். இத்தனை நாள் இங்கேயா ஒளிந்துகொண்டிருந்தாய் என்று அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. குஷியில் சுவரைத் தொட்டுக்கொண்டே தவழ்ந்து, திறந்திருந்த கதவு வழியாக மாமனார் அறைக்குள் போனார். எழுந்திருப்பதற்காகக் கட்டில் சட்டத்தில் கையை வைத்தார்.

கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையை எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் ஏறி, மாமனார் சாய்கிற மாதிரியே சாய்ந்து, இரண்டு விரலால் காதை அடைத்துக்கொண்டார். முதுகில் தெரிந்தது. பல்லில் தெரிந்தது. எங்கேயோ ஒரு பெரிய மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார். ஹாலுக்கு ஓடிப் பெட்டியை அணைத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவிதான். மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம், வயசுக்கு இது சகஜம்தானாம், ஆனாலும் அப்பா சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆரம்பமாக இருக்கலாம், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "நீங்க மட்டும் அன்னைக்கு சொல்லலைன்னா நான் இன்னும் கவனிக்காமலேயே இருந்திருப்பேங்க. சொந்த மகன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. போனில் எப்படிச் சொல்வது, வீட்டுக்கு வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டார். கெட்டது அங்கேதான்.

அவர்கள் வருவதற்குள் பெட்டியை எதிர்மூலைக்கு இழுத்துவிட்டார். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திவிட்டார். ஏன் என்று கேட்டவளிடம், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பூசி மெழுகினார். ராத்திரி மனைவி தன் அண்ணனுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் போனை இவரிடம் கொடுத்தாள். மச்சான் தழுதழுத்துப் போய் நன்றி சொன்னார். நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார்.

மெஷின் நின்றுவிட்டது. நாலாவது நாள் மாமனாரே சொன்னார், மாத்திரை வேலை செய்கிறது, இப்போது ஓடுவதில்லை என்று. மகள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மாத்திரைக்கு வந்தது வாழ்வு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதைப் போட்டால் மாமனார் பதினொரு மணி வரைக்கும் தூங்கி வழிந்தார். பேப்பர் மடித்தது மடித்தபடி கிடந்தது. சவரம் இரண்டு நாளைக்கு ஒருதரம் ஆனது, பிறகு நாலு நாளைக்கு ஒருதரம்.

பாட்டுக்கும் ஒரு விடிவு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியை இடம் மாற்றி, சோபாவைப் பின்சுவர் பக்கம் தள்ளிப் போட்டதும், மூன்று வருஷமாகத் தேடிய பேஸ் வந்து மடியில் உட்கார்ந்தது. உருண்டு திரண்டு, கச்சிதமாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளை ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. பாதியில் எழுந்து மாமனார் அறைக்குப் போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்ப்பார். கட்டில் சும்மா இருக்கும். மாமனார் தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்து, என்ன மாப்பிள்ளை என்பார். ஒன்றுமில்லை மாமா என்று திரும்பி வந்து அணைத்துவிடுவார்.

இரண்டாவது வாரம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மாமனார் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு சொன்னார். "குழந்தைய இனிமே எங்கிட்ட தனியா விடாதீங்கம்மா. ரோடு தாண்டணும். எனக்கு எது நெஜமா இருக்கு, எது இல்லன்னு எனக்கே பிடிபடல. ஏதாவது ஒன்னு ஆயிட்டா என்ன பண்றது?"

சின்னவள், நான் தாத்தாவோடதான் வருவேன் என்று அழுது அடம்பிடித்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள், சொல்லத்தான் தைரியம் இல்லை. மாப்பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே ஒரு வரி போதும். இல்ல மாமா, அது நெஜம். அவ்வளவுதான். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். மறுநாளிலிருந்து பள்ளி வேனுக்கு ஏற்பாடானது. அதற்கு போன் செய்து பேசியதும் மாப்பிள்ளைதான்.

இப்படியாக நாற்பத்தோரு நாள் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. கடையில் லென்ஸை மாற்றிப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்றார். முதலாளி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றுகூடக் கேட்டார். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தார். சொன்ன பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

நாற்பத்தோராவது நாள், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று மாமனார் சொன்னதால், மகள் வேலைக்குப் போகும் வழியில் அவரைக் கொண்டுவந்து கடையில் விட்டுவிட்டுப் போனாள். காதுக் கருவி போட்டிருந்தார். மாப்பிள்ளை அவரை இருட்டறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டினார். எதிரே எழுத்துப் பலகை வெளிச்சமாக இருந்தது. ஒரு லென்ஸைப் போட்டு இது தெளிவா என்றார். இன்னொன்றைப் போட்டு, இல்லை இது தெளிவா என்றார்.

மாமனார் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். மாப்பிள்ளை மறுபடி கேட்டார்.

"நீங்களே பாத்து ஒன்னு போட்டுடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நான் இது தெளிவுன்னு சொல்லி, அது தப்பா இருந்துச்சுன்னா? நான் சொல்றத வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க."

பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறார். பச்சைக் குழந்தைகூட இது நல்லாருக்கு என்று அடித்துச் சொல்லும். தன் கண்ணையே நம்பாத ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, அந்த மெஷின் நெஜமாவே ஓடுச்சு" என்றார். "நான்தான் ஓட்டினேன்."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். பெட்டியை வாங்கியது, மூலையில் வைத்தது, சோபாவில் பேஸ் இல்லையென்று திருப்பித் திருப்பிக் கூட்டியது, தவழ்ந்தது, கட்டிலைத் தொட்டது எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லும்போது அவர் மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கில் மாட்டியிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் சட்டத்தைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நெனச்சேன். வேகம் கூடுது, குறையுது, நடுவுல நிக்குது. எந்த மடையன்டா இப்படி ஓட்டுறான்னு நெனச்சேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை இஞ்சுப் பெட்டி என்று விசாரித்தார். பன்னிரண்டு இஞ்ச் என்றதும் தலையை ஆட்டி மெச்சினார். தனக்கு ஒன்றுமில்லை, தலை சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். மலையளவு பயந்தது இவ்வளவுதானா, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு மாமனார் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கீழே பார்த்தார். "ஸ்கேன் எடுத்தீங்களே மாமா. அன்னைக்கு."

மாமனார் அதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அவருக்கு எண்ணுவதில் எப்போதும் பிசகு வந்ததில்லை. எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் நாலு நாள் வெள்ளைத் தாடி பளிச்சென்று தெரிந்தது.

"குழந்தைய எங்கிட்ட விடாதீங்கன்னு சொன்னேனே. அப்போ நீங்க எதிர்லதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா மாமா."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

மாமனார் திட்டியிருந்தால் தேவலை, கையை ஓங்கியிருந்தாலும் மாப்பிள்ளை கன்னத்தைக் காட்டியிருப்பார். மாமனார் மடியிலிருந்த சட்டத்தைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார்.

"தனியாவா மாமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று மாப்பிள்ளைக்கு உறைத்தது. மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லாத அந்தப் பார்வையை மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. மாமனார் கதவைத் திறந்தார், வெளிச்சம் உள்ளே வந்தது.

"அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா."